எஞ்சினை அணைக்காமல் ஒரு மீட்டர் வாங்குதல்

அநியாயம் செய்யப்பட்டவள் என் பெரியம்மா மகள் செண்பகம். அநியாயம் என்னவென்றால், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற அவளை, லைட்டை அணைக்க மறந்து பேட்டரியைக் கொல்கிறவள் என்று வயரிங் கடை பால்துரை பள்ளிக்கூட வாசலிலேயே வைத்துச் சொன்னான், அதுவும் சிரித்துக்கொண்டே சொன்னான், "பொம்பளைக கையில வண்டி இருந்தா இப்படித்தான், அடுப்பு ஞாபகத்துல இறங்கிப் போயிருவாக" என்று. அதைக் கேட்டுக்கொண்டு நின்ற ரித்திக் அம்மா அன்றைக்கே பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதிவிட்டாள்: தப்பா எடுத்துக்காதீங்க செண்பகம், லைட்டை மறக்கிறவங்க ஒருநாள் பிள்ளையை வண்டிக்குள்ள மறந்து பூட்டிட்டா என்ன செய்றது? கீழே ஒரு கும்பிடு. அந்தக் கும்பிடுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை, திட்டுவதென்றால் திட்டிவிட்டுப் போ, ஒருத்தியின் பிழைப்பில் கைவைத்துவிட்டு எதற்குக் கையெடுத்துக் கும்பிடுகிறாய். நான் அக்காவின் போனை வாங்கிப் பதில் எழுதினேன், முதலாவதாக, இரண்டாவதாக, இறுதியாக என்று பட்டிமன்றத்தில் பேசுவதுபோல எழுதினேன், அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "அழிட்டி" என்றாள். "ஏன்க்கா?" "அவ கேட்டது பிள்ளையைப் பத்தி. நீ எழுதியிருக்கது பெண்ணுரிமையைப் பத்தி. அழி." அழித்தேன். இன்று திங்கள், இன்றும் காலையில் வண்டி செத்துக் கிடந்தது, தள்ளித்தான் கிளப்பினோம், ரித்திக் அம்மா மறுபடியும் எழுதினாள், இன்னிக்குச் சாயங்காலத்தோட முடிச்சுக்கலாம், நாளையிலேருந்து வேற வேன் பேசியிருக்கோம், அதற்குக் கீழே கட்டைவிரல் கட்டைவிரலாக மற்ற அம்மாக்களும் அப்பாக்களும். எனவே நான் இப்போது ஜங்ஷன் பக்கத்துச் சந்தில், எலக்ட்ரிக்கல் சாமான் கடை அண்ணாச்சியின் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நிற்கிறேன், வாசலில் அக்காவின் வேன் டுக்டுக்கென்று நடுங்கிக்கொண்டு நிற்கிறது, அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது, அக்கா சீட்டைவிட்டு இறங்க முடியாது, வேனுக்குப் பின்னால் ஒரு லோடு ஆட்டோ வேறு வந்து நின்றுகொண்டு ஹாரன் அடிக்கிறது, ஆகவே பேட்டரி ஏன் சாகிறது என்று அளந்து பார்க்க ஒரு மல்டிமீட்டர் வாங்கும் பொறுப்பு முழுக்க முழுக்க என்னுடையது, அரசியல் அறிவியல் எம்.ஏ. படிக்கிற என்னுடையது. "வெரசா வாட்டி கோமு, பெட்ரோல் போகுது!" என்று அக்கா கத்துகிறாள்.

கண்ணாடிமேல் மூன்று கிடக்கின்றன. ஒன்று மஞ்சள் நிறத்தில் கைக்குள் அடங்குகிற குட்டி, வயர்கள் பாயசத்துச் சேமியா மாதிரி, தொட்டாலே அறுந்துவிடும் போல. ஒன்று கறுப்பு, ரப்பர் சட்டை போட்டுக்கொண்டு, கொஞ்சம் தடித்த வயர்களோடு. மூன்றாவதுக்குத் தலையில் நண்டுக் கொடுக்கு மாதிரி ஒரு கவ்வி, அதை அண்ணாச்சி அமுக்கி அமுக்கிக் காட்டுகிறார், கப்கப்பென்று வாயைத் திறந்து மூடுகிறது. "பாப்பா, காலேஜ் புராஜெக்டா?" "இல்லை அண்ணாச்சி, வண்டிக்கு." "அப்பா வண்டிக்கா?" "அக்கா வண்டிக்கு. அன்னா வாசல்ல நிக்குல்லா, அது." அவர் எட்டிப் பார்க்கிறார், அக்கா ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்துத் தலையசைக்கிறாள், இவரும் தலையசைக்கிறார், கல்யாண வீட்டில் சம்பந்திகள் மாதிரி. "அப்ப இதைக் கொண்டு போ. வயரை உரிக்க வேண்டாம், கழட்ட வேண்டாம், கவ்விப் பிடிச்சாப் போதும், எவ்வளவு கரண்டு போகுதுன்னு சொல்லிரும். மெக்கானிக்மாரெல்லாம் இதைத்தான் வாங்கிட்டுப் போறாக." எனக்கும் அதுதான் பிடித்திருக்கிறது, அதன் கம்பீரம், அதைக் கையில் பிடித்துக்கொண்டு பால்துரை கடைக்கு முன்னால் போய் நின்றால் எப்படி இருக்கும், ஒன்றும் பேச வேண்டாம், கப்கப்பென்று இரண்டு தடவை அமுக்கிக் காட்டினாலே போதும். போன வாரம் அவன் கடையில் நான் எவ்வளவு பேசினேன், புது பேட்டரியும் ஏன் செத்தது என்றேன், திங்கட்கிழமைதோறும் சாகிறதே, மறதி என்ன கிழமை பார்த்தா வரும், செவ்வாய் புதன் எல்லாம் லைட்டை ஞாபகமாக அணைக்கிறவள் சனிக்கிழமை மட்டும் எப்படி மறப்பாள் என்றேன், நல்ல வாதம், இப்போது நினைத்தாலும் எனக்கே பெருமையாக இருக்கிறது, அவன் ஸ்பேனரைக் கீழே வைக்காமலே, "நீ பேச்சுப்போட்டிக்குப் போம்மா, கப்பு வாங்குவ" என்றான், கடையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள், வாதம் அப்படியே தரையில் ஆயிலோடு ஆயிலாகக் கிடந்தது. சரியாக இருந்தால் மட்டும் போதாது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய, ஆத்திரம்தான் வருகிறது. ஆனால் இந்த நண்டு, இரு இரு, விடுதியில் ராத்திரியெல்லாம் வீடியோ பார்த்தேனே, பக்கத்துக் கட்டில் ஷகிலா, "ஏட்டி, பரீட்சைக்கு இப்படிப் படிச்சிருந்தா நீதான் கோல்டு மெடல்" என்று தலையணையால் அடித்தாளே, அதில் ஒரு மனிதர் திரும்பத் திரும்பச் சொன்னார், வண்டியில் ஓடுவது வீட்டில் ஓடுகிற மின்சாரம் இல்லை, வீட்டு மின்சாரம் அலை மாதிரி முன்னும் பின்னும் போய்வரும், பேட்டரி மின்சாரம் ஒரே திசையில் போகும், அதனால் மீட்டரில் ஆம்பியரைக் குறிக்கிற ஆங்கில ‘ஏ’ எழுத்துக்குப் பக்கத்தில் அலைக்கோடு இருக்கிறதா நேர்கோடு இருக்கிறதா பார்த்து வாங்குங்கள் என்று. கண்ணாடியோடு மூக்கை வைத்துப் பார்க்கிறேன். அலைக்கோடு. அலைக்கோடு மட்டும்தான். "அண்ணாச்சி, இது வீட்டுக் கரண்டைத்தான் அளக்கும். பேட்டரி கரண்டைக் கவ்வினா ஒண்ணும் காட்டாது." "யாரு சொன்னா?" "இதுலயே போட்டிருக்கு, பாருங்க." அவர் நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கி மூக்கில் வைத்து, மீட்டரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார், எனக்கு வாயெல்லாம் சண்டை தயாராகிவிட்டது, மூன்று வாதங்கள் வரிசையில் நிற்கின்றன, அவரோ வயிறு குலுங்கச் சிரிக்கிறார். "ஆமா! அலைதான் போட்டிருக்கான்! எத்தனை மெக்கானிக்குக்கு வித்திருப்பேன், ஒருத்தனாவது திருப்பிக் கொண்டுவந்து கேட்டிருக்கணுமே!" தயாராக நின்ற சண்டையை என்ன செய்வதென்று தெரியாமல் நானும் சிரிக்கிறேன். தப்பு என்று காட்டினால் இப்படிச் சிரிக்கிற ஆம்பளை ஒருத்தர் இந்த ஊரில் இருக்கிறார், குறித்துக்கொள்ள வேண்டியதுதான். "நேர்கோடு போட்ட கவ்வியும் இருக்கு பாப்பா, ஆனா விலை உன் அக்கா வண்டியையே கேக்கும்" என்று நண்டைப் பெட்டிக்குள் போடுகிறார்.

மீதி இரண்டு. மஞ்சள்குட்டியைத் திருப்பிப் பார்க்கிறேன், வயரைச் செருகுகிற பத்து ஆம்பியர் ஓட்டைக்குப் பக்கத்தில் ஃபியூஸ் இல்லை என்று அதுவே எழுதி வைத்திருக்கிறது, பாவம், விலையைப் போலவே மனசும் சின்னது என்றாலும் பொய் சொல்லவில்லை. கறுப்பில் ஃபியூஸ் உண்டு என்று போட்டிருக்கிறது, இரண்டு முனையையும் சேர்த்துத் தொட்டால் பீப் என்று கத்தவும் செய்கிறது, எங்கே வயர் அறுந்திருக்கிறது என்று பார்க்க அது வேண்டும். அண்ணாச்சி புது பேட்டரி ஒன்றை எடுத்து மீட்டருக்குள் போட்டுவிட்டு, கடை மூலையில் கிடந்த பழைய பைக் பேட்டரியைக் காலால் இழுத்துவிட்டு, "தொட்டுப் பாரு" என்கிறார். சிவப்பைச் சிவப்பில், கறுப்பைக் கறுப்பில். பன்னிரண்டு வோல்ட்டும் கொஞ்சமும். எவ்வளவு மரியாதையான ஜீவன் இது. வீடியோக்காரர் சொன்னதிலேயே எனக்குப் பிடித்தது அதுதான், வோல்ட் பார்க்கும்போது மீட்டர் பேட்டரியிடமிருந்து ஏறக்குறைய எதையுமே எடுத்துக்கொள்வதில்லை, அவ்வளவு ஒதுங்கி நின்று கேட்கிறது, எடுத்துக்கொண்டால் அளவு மாறிவிடுமாம். கேட்கப்படுகிறவரைக் குறைத்துவிடாமல் கேட்பது. மனுஷர்களில் எத்தனை பேர் அப்படிக் கேட்கிறோம், பால்துரை கேட்டதும் கேள்விதான், "லைட்டை அணைச்சியா?" என்று, ரித்திக் அம்மா கேட்டதும் கேள்விதான், ஒவ்வொரு கேள்வியும் அக்காவிலிருந்து ஒரு பிடி அள்ளிக்கொண்டு போனது. நான் மட்டும் என்ன, "நல்லா யோசிச்சுச் சொல்லுக்கா, நிஜமாவே அணைச்சியா?" என்று நானும்தான் கேட்டேன். அக்கா கோபப்படவில்லை. அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு வண்டியை வீட்டுப் பக்கத்தில் நிறுத்தியதும் பின்கதவைத் திறந்து ஏறி, ஒவ்வொரு சீட்டையும் உள்ளங்கையால் தொடுவாள், தொடும்போது அங்கே உட்காரும் பிள்ளையின் பெயரைச் சொல்லுவாள், ரித்திக், நிலோஃபர், ஆண்டோ, குட்டி ஆவுடை, அப்புறம் குனிந்து சீட்டுக்கு அடியில் பார்ப்பாள், தூங்கி உருண்டு விழுந்த பிள்ளை யாராவது கிடக்கிறதா என்று. மழையானாலும் காய்ச்சலானாலும். ஒருநாள் நான் கூட இருந்தபோது, "எல்லாரையும் இப்பதானே இறக்கிவிட்ட, நான்தான் பாத்தேனே" என்றேன். "நீ பாத்தா? என் கை பாக்க வேண்டாமா" என்றாள். அந்தக் கையைத்தான் மறதிக் கை என்கிறார்கள். கடையில் நின்று அழுதால் அண்ணாச்சி விலை அதிகம் என்று நினைத்துக்கொள்வார். ஏன் அக்கா இதை அந்தக் குரூப்பில் எழுதவில்லை, நான் சீட்டைத் தொட்டுப் பார்க்கிறவள் என்று, கேட்டதற்குச் சொன்னாள், "நான் நல்லவன்னு நானே எழுதினா யாருட்டி நம்புவா? பேட்டரி ஏன் சாகுதுன்னு தெரியட்டும், அப்புறம் பேசுதேன்." அதற்காகத்தான் மீட்டர். பேசுவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள நினைக்கிறவள், எங்கள் பல்கலைக்கழகத்தில் அப்படி ஒருத்தரைக்கூட நான் பார்த்ததில்லை, என்னையும் சேர்த்துத்தான். கறுப்பையே வாங்கிக்கொண்டேன், அதன் விலைக்கு எங்கள் கை எட்டியது, அட்டைப்பெட்டியை வேண்டாம் என்றேன்.

வெளியே வந்தால் வெயில் முகத்தில் அறைகிறது. லோடு ஆட்டோக்காரர் அக்காவோடு வாக்குவாதத்தில் இருக்கிறார், "எக்கா, வண்டியை எடுங்க, இல்லன்னா அணைச்சிட்டு நிம்மதியா கடைக்குப் போங்க," அக்கா, "அணைச்சா நீதான் தள்ளணும், சம்மதமா?" என்கிறாள், அவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கிறார். நான் மீட்டரை நீட்டுகிறேன், அக்கா கையில் வாங்கி, குழந்தையைப் பார்ப்பது மாதிரி முன்னும் பின்னும் பார்த்து, "அழகா இருக்குட்டி" என்கிறாள். அப்புறம் சாவியில் கை வைக்கிறாள். இங்கேயேவா, வீட்டில் போய்ப் பார்க்கலாமே, இங்கே அணைத்துப் பிறகு ஸ்டார்ட் ஆகாமல் போனால், பள்ளிக்கூடம் விடுகிற நேரம் நெருங்குகிறது, பிள்ளைகள் வாசலில் நிற்பார்கள், ரித்திக் அம்மா போனை எடுப்பாள், அந்தக் கட்டைவிரல்கள். "எக்கா, வேண்டாம்." "சாயங்காலம் வாசல்ல போய் நிக்கும்போது எனக்குப் பதில் வேணும். ஓடுற வண்டியில அதைப் பாக்க முடியாதுன்னு நீதான சொன்ன?" நான்தான் சொன்னேன். எல்லாம் அணைந்திருக்கும்போது பேட்டரியிலிருந்து எதுவோ திருட்டுத்தனமாகக் குடிக்கிறதா என்று பார்ப்பதுதான் சோதனை, எல்லாம் அணைந்திருக்க வேண்டும். அக்கா அணைத்தாள். டுக்டுக் நின்றது. காலையிலிருந்து காதுக்குள் இருந்த சத்தம் போனதும் சந்தே காலியான மாதிரி, எங்கோ ஒரு கடையில் ஃபேன் ஓடுகிற சத்தம்கூடக் கேட்கிறது. முன்சீட்டைத் தூக்கினோம், அதற்கு அடியில்தான் பேட்டரி. லைட்டு எல்லாம் அணைந்திருக்கிறது, அக்கா ஒவ்வொரு சுவிட்சாகத் தொட்டாள், ரேடியோ இல்லை, உள்விளக்கு எப்போதோ ஃபியூஸ் போனது. பேட்டரியின் மைனஸ் முனையை அக்கா ஸ்பேனரால் கழற்றினாள், கழற்றிய வயருக்கும் பேட்டரிக்கும் நடுவே மீட்டரை வைக்க வேண்டும், வண்டி குடிக்கிற ஒவ்வொரு சொட்டும் மீட்டர் வழியாகத்தான் போக வேண்டும், மீட்டரின் நடுவில் இருக்கும் திருகைப் பத்து ஆம்பியருக்குத் திருப்பினேன், ஒரு முனை இங்கே, ஒரு முனை அங்கே. பூஜ்யம். பூஜ்யம் புள்ளி பூஜ்யம் பூஜ்யம். அண்ணாச்சியும் லோடு ஆட்டோக்காரரும் குனிந்து பார்க்கிறார்கள். மறுபடி தொட்டேன், பூஜ்யம். அப்படியென்றால் எதுவும் குடிக்கவில்லை. எதுவும் குடிக்கவில்லை என்றால் பேட்டரி தானாகச் சாகாது. அப்படியென்றால். நான் நினைக்கவில்லை, சத்தியமாக நினைக்க விரும்பவில்லை, ஆனால் மனசு யாரிடமும் அனுமதி கேட்பதில்லை, அப்படியென்றால் அக்கா மறந்துதான் போயிருக்கிறாளா, சனிக்கிழமை பாதிநாள் பள்ளிக்கூடம், வீட்டில் துணி துவைக்கிற நாள், அவசரத்தில், பால்துரையின் சிரிப்பு, அடுப்பு ஞாபகம், சீ, என்ன மனசு இது, ஒரு எண்ணைப் பார்த்ததும் இத்தனை வருஷத்துக் கையை விட்டுவிடுகிறதே. நிமிர்ந்து அக்காவைப் பார்க்கப் பயமாக இருந்தது. அவள் என்னையும் பார்க்கவில்லை, மீட்டரையும் பார்க்கவில்லை. மேலே, கண்ணாடிக்குப் பக்கத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி கோமு, கேமராவுல பச்சைப் பொட்டு அணைஞ்சு கிடக்கு." எனக்குப் புரியவில்லை. பிள்ளைகளைப் போனிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பெற்றோர் எல்லாரும் சேர்ந்து கேட்டு வைத்த கேமரா அது, முதலில் கேட்டதே ரித்திக் அம்மாதான், மாட்டிக் கொடுத்தவன் பால்துரை. "அணைஞ்சிருந்தா என்னக்கா?" "அது அணையாதேட்டி. ராத்திரி வாசலைப் பூட்ட வரும்போதுகூட முழிச்சிட்டுல்லா இருக்கும். இப்ப எப்படி அணைஞ்சுச்சு?" இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மீட்டரைப் பார்த்தோம். கேமராவுக்கே மின்சாரம் போகவில்லை என்றால் மீட்டர் வழியாக எதுவுமே போகவில்லை, வழியே அடைத்திருக்கிறது, அது பூஜ்யம் இல்லை, அது மூடிய கதவு. சிவப்பு வயரைப் பார்த்தேன். கடையில் வோல்ட் பார்த்த ஓட்டையிலேயே இருந்தது. திருகை மட்டும் திருப்பினேன், வயரை மாற்றிச் செருகவில்லை. "அட, ஓட்டையை மாத்து பாப்பா!" என்று அண்ணாச்சி என்னைவிடச் சத்தமாகக் கத்தினார். பிடுங்கிப் பத்து ஆம்பியர் ஓட்டையில் செருகினேன், இரண்டு முனையையும் வைத்தேன். மேலே பச்சைப் பொட்டு கண்ணைத் திறந்தது. கீழே எண்கள் துள்ளி, தடுமாறி, நின்றன: பூஜ்யம் புள்ளி ஆறு இரண்டு. கூடாமல், குறையாமல், ஆறு இரண்டு. அக்கா கேமரா வயரைத் தடவிக்கொண்டே போனாள், அது சாவிப்பக்கம் போகவே இல்லை, நேராகப் பேட்டரிக்கு இறங்கியிருந்தது, நடுவில் ஒரு குட்டி ஃபியூஸ், அதைப் பிடுங்கினாள். பச்சைப் பொட்டு அணைந்தது, எண் சரிந்து பூஜ்யம் புள்ளி பூஜ்யம் இரண்டில் உட்கார்ந்தது. திரும்பச் செருகினாள், ஆறு இரண்டு. பிடுங்கினாள், பூஜ்யம் இரண்டு. நாலைந்து தடவை செய்தாள், பட்டாசு வெடித்துப் பார்க்கிற பிள்ளை மாதிரி, முகம் முழுக்கச் சிரிப்பு. மற்ற நாளெல்லாம் காலையிலும் மாலையிலும் வண்டி ஓடி, குடித்ததை ஈடுகட்டியிருக்கிறது, சனி மதியம் நிறுத்தினால் திங்கள்வரை யார் ஈடுகட்டுவது. ஒரு லைட்டு எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது, சுவிட்சே வைக்காத ஒரு லைட்டு. நான் என் பழைய பதிலை நினைத்துக்கொண்டேன், முதலாவதாக, இரண்டாவதாக, அது இந்த ஆறு இரண்டுக்கு முன்னால் எவ்வளவு சளசளவென்று இருக்கிறது. பால்துரை கடைக்கு உடனே போக வேண்டும் என்று எனக்குத் துடிக்கிறது, "எக்கா, அவன் மூஞ்சிக்கு முன்னால இதைப் பிடிப்போம், வா." "அவனை நாளைக்குப் பாத்துக்கலாம், ஓடியா போயிருவான்? முதல்ல மைனஸை மாட்டு, பிள்ளைகளுக்கு நேரமாச்சு."

அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டினார், லோடு ஆட்டோக்காரர் சம்மதம் கேட்காமலே பின்னால் போய் நின்றார், நானும் நின்றேன், மூன்று பேருமாகத் தள்ளினோம், சந்து முனைக்குப் போவதற்குள் வேன் இருமி, உதறி, டுக்டுக்கென்று உயிர் பிடித்தது. ஓடிப்போய் ஏறினேன். அக்கா ஓரமாக நிறுத்திக்கொண்டு, எஞ்சினை அணைக்காமல், என்னிடம் போனைக் கேட்டாள். ஆறு இரண்டையும் பூஜ்யம் இரண்டையும் நான் படம் எடுத்திருந்தேன், இரண்டையும் குரூப்பில் போட்டேன், அவ்வளவு நாளும் பதிலில்லாமல் தொங்கிக்கொண்டிருந்த அந்தக் கும்பிடுக்கே பதிலாக. நான் எழுதட்டுமா என்று கேட்கவில்லை, ஆச்சரியம், எனக்கு எழுதவே தோன்றவில்லை. அக்கா மைக்கை அமுக்கிப் பிடித்து, வாயருகே வைத்து, ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினாள்:

"ரித்திக் அம்மா, செண்பகம் பேசுதேன். நீங்க கேட்டதுக்குப் பதில் சொல்ல நாளாயிருச்சு, தெரிஞ்சுக்கிட்டுச் சொல்லுவோம்னு இருந்தேன். நான் லைட்டை மறக்கல. நீங்க வைக்கச் சொன்ன கேமராவைப் பேட்டரியில நேரா கொடுத்துட்டாக, அது ராத்திரியெல்லாம் முழிச்சிருந்து பேட்டரியைக் குடிச்சிருக்கு. படம் போட்டிருக்கேன், பாருங்க. இனிமே வண்டி அணைஞ்சா அதுவும் அணையிற மாதிரி மாத்திருவேன், பிள்ளைக உள்ள இருக்கிற நேரமெல்லாம் நீங்க பாக்கலாம். நாளைக்கு வேற வேனுக்குப் போறதுன்னா போங்க, வருத்தம் இல்ல, ஆனா அவுககிட்டயும் ஒண்ணு கேட்டுக்கிடுங்க, கடைசியா வண்டியைப் பூட்டுமுன்னால ஏறி ஒவ்வொரு சீட்டையும் கையால தொட்டுப் பாப்பாகளான்னு. பிள்ளைக எல்லாம் இறங்கின பெறகு நான் தினமும் செய்யிறது அதுதான், அந்நேரம் நீங்க போனைப் பாக்க மாட்டீங்க, உங்களுக்குத் தெரியாது. ரித்திக் சீட்டு இடதுபக்கம் ரெண்டாவது. இன்னா கிளம்பிட்டேன், பிள்ளைகளை வெயில்ல நிக்க வேண்டாம்னு சொல்லுங்க."